கம்பெனி பஸ் வரும் வரை

பேரணாம்பட்டில்
ரேஷன் கடை மாடியில் எங்கள் மாலை வகுப்பு.
முப்பத்தோரு புத்தகம், முனகும் ஒரு டியூப்லைட்.
ஆம்பூரிலிருந்து ஷூ கம்பெனி பஸ்
ஏழேகாலுக்கு வரும்.
அதுவரை பிள்ளைகள் என் கணக்கில்.

"வாய்ப்பாடு போதும் மிஸ்"
எபினேசர் நோட்டை மூடுவான்.
கரடிக் கதையை எடுப்போம்.
கடைசி நான்கு பக்கம் எலி தின்றது.
கிணற்றில் விழுந்த கரடி
ஆனி மாதத்திலிருந்து அங்கேயேதான் கிடக்கிறது.

பஸ் தாமதமானால் கரடிக்கு ஆயுள் நீளும்.
ஓவர்டைம் நாளொன்றில் அதற்குக் கல்யாணமே நடந்தது,
கிணற்றுக்குள்ளேயே பந்தி,
பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு.
கிணற்றில் தண்ணீர் ஏன் இல்லை என்று
ஒருவரும் கேட்கவில்லை.
மலட்டாற்றங்கரைப் பிள்ளைகள்.

சுமையா மட்டும் வாய் திறந்ததில்லை.
எழுத்துக் கூட்டி வருவாள், வருவாள்,
'ழ' வந்ததும் நின்றுவிடுவாள்
வாய்க்காலைத் தாண்டத் தயங்கும் ஆட்டுக்குட்டியாக.

நேற்று பஸ் ஆறரைக்கே வந்துவிட்டது.
ஆர்டர் இல்லையாம்.
படியேறி வந்த அவள் அம்மாவின் விரல்களில்
இன்னும் சொல்யூஷன் வாடை.
"வா, போலாம்."

"இரும்மா,
கரடி இப்பதான் கயித்தைப் புடிச்சிருக்கு.
நான் விட்டுட்டு வந்தா விழுந்துடும்."

சொன்னது சுமையா.
எபினேசர் என்னைப் பார்த்தான்.
நான் டியூப்லைட்டைப் பார்த்தேன்.

எட்டு மணி நேரம் தோல் தைத்துவிட்டு வந்தவள்
டிபன் பையை இறக்கி வைத்தாள்,
வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.
"கயிறு எத்தனை புரி?" என்றாள்.
"கரடி கனமாச்சே."