ஒரு மாதிரி

இந்த மொழியில் மூன்று என்று எழுதினால்
மூன்று மூன்று மூன்று என்று
பேட்டரி தீரும்வரை ஓடிக்கொண்டிருக்கும்.
எண்ணில்லை, ஆறு.
கூட்டல் குறி இரண்டு ஆறுகள் கலக்குமிடம்.
'பிறகு' என்ற சொல்லே கிடையாது.
'முன்பு' உண்டு:
எழுத்தின் தோளில் ஒரு சின்னக் கீறல்.
போட்டால், ஒரு மாதிரி முன்பு.
ஒரு நொடியைப் பதினாறாயிரமாக நறுக்கியதில்
ஒரு துண்டு.

பாலெரூப், நவம்பர். நான்கு மணிக்கே விளக்கு போட்டாயிற்று.
காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்
அவரைக்கொட்டை அளவு கருவிக்கு
எழுதிக்கொண்டிருக்கிறேன்.
காலையிலிருந்து கம்பைலர் ஒரே பல்லவி:
பதினேழாம் வரி, தாமதமில்லாத சுழல்.
தான் சொல்வதைச் சொல்லும்போதே கேட்டு
அதையே திருப்பிச் சொல்கிற எதையும்
இது ஏற்பதில்லை.
நடுவில் ஒரு கீறலாவது போடு என்கிறது.

ஹோல்கர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
சோதனைப் படிவத்தில் 'குறைகள்' கட்டத்தில்
ஒரே வரி:
மகள் கட்டிக்கொண்டால் விசிலடிக்கிறது.

உண்மைதான். மாரெனின் தோள் மைக்கை மூடும்;
காதுக்குள் போன ஒலி கசிந்து வெளியே வந்து
மறுபடி உள்ளே, மறுபடி, மறுபடி,
கெட்டில் மாதிரி ஊளை.
அதனால் ரயிலடியில்
முதலில் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார்,
அப்புறம்தான் கைகளை விரிப்பார்.
காதோடு அவள் சொல்லிவிட்டுப் போனது எதுவும்
பதினோரு வருடமாக அவருக்குப் போய்ச் சேரவில்லை.

கசிவது எவ்வளவு என்று ஊகித்து
அவ்வளவையும் கழிக்க வேண்டும்.
அதிகம் கழித்தால் புல்லாங்குழலும் போய்விடும்
(போன வாரம் போயிற்று,
ஸ்வென்னிங்கின் மனைவி வாசிக்கிறவர், கோபித்துக்கொண்டார்).

கீறலைப் போட்டேன். கம்பைலர் வாய்மூடியது.
இனிச் சோதிக்க வேண்டும்.
ரப்பர் தலை பழுதுபார்க்கப் போயிருந்தது.
மாரென் ஓடென்ஸேயில்.
எதிரொலியில்லாத அறையில்
ஹோல்கரும் நானும் மட்டும்.

ம்ம், என்றார், கைகளை விரித்து.
இந்த ஊரில் இதெல்லாம் வழக்கமில்லை.
கனத்த கம்பளிச் சட்டை, புகையிலை வாசனை,
என் கன்னத்தில் அந்தக் கருவி குளிர்ச்சியாக.
பத்து நொடி எண்ணச் சொல்கிறது நடைமுறைக் குறிப்பு.
ஒன்றுமில்லை. ஊளையில்லை.

ஏழாவது நொடியில் அவர் கேட்டார்:
"மதியம் சாப்பிடவில்லையா?
வயிறு சத்தம் போடுகிறதே."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.
எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.
அறிக்கையில் பத்து என்றே எழுதினேன்.