வயது என்ற கட்டம்

கடையம் சரக அலுவலகத்துப் பின்புறம்
தார்ப்பாயில் கிடக்கிறது கரடி.
கழுத்தில் இன்னும் சுருக்கு,
பைக் கிளட்ச் வயர்தான்.

"படுகிழடு சார். எருமைத் தண்டிக்கு இருக்குல்லா,
நாளைக்குச் சாவுறதுதான?"
விலங்கு மாட்டிய கையால் மூக்கைத் துடைக்கிறான்
கொம்பையா.

டாக்டர் உதட்டைப் பிரித்து டார்ச் அடிக்கிறார்.
மேல்வரிசை நடுவே இரண்டு பல் இல்லை.
அது பிறவி வாசல், கறையான் உறிஞ்ச.
கோரைப்பல் தேயவே இல்லை,
தேங்காய்ப் பருப்பாய் வெளுத்திருக்கிறது.
"அஞ்சு நடக்குது. மிஞ்சினா ஆறு."

போன ஆடியில் சிவசைலம் ஓடையில் செத்ததற்குப்
பதினெட்டு.
இரண்டு பேரே தூக்கி வந்தோம்.
இதற்கு ஆறு பேர்.
இலுப்பைப் பூவும் தோப்பு மாங்காயும்
கோயில் விளக்கு எண்ணெயும் ஏறிய உடம்பு,
வருஷம் ஏறவில்லை.

மகஜரில் அடுத்த கட்டம்: எதிரியின் வயது.
ஒட்டிய தாடையை, துருத்திய தோளைப் பார்த்து
அறுபது என்று எழுதிவிட்டேன்.
ஆதாரில் முப்பத்தெட்டு.
என்னைவிட இரண்டு வயது இளையவன்.

அடித்து எழுதுகிறேன்.
அவன் கரடியின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.
"அஞ்சுதானா டாக்டரே?
இன்னொருக்கா நல்லாப் பாருங்க."