இருநூற்றுப் பதினான்காம் வரிசை

பிப்ரவரி. இத்தாபுவாவின் செம்மண்
பூட்ஸில் அப்பி அப்பி
என்னை இரண்டு விரற்கடை உயர்த்திவிட்டது.
நான் சோயா இலையைப் புரட்டி எண் சொல்கிறேன்,
தெர்லிஸ் எழுதுகிறான்.
"இருநூற்று ஒன்று?" "ஏழு."
"இருநூற்று இரண்டு?" "ஏழு. இரு, எட்டு."
ஏலக்கடை மாதிரி இருக்கிறது என்கிறான்.
ஏலத்தில் யாரும் இலையின் அடியைப் பார்ப்பதில்லை என்கிறேன்.

நாலு வரிசைக்கு ஒன்று
நோய்க்கென்றே நட்டது.
எதையும் தடுக்கத் தெரியாத பழைய ரகம்.
துரு முதலில் அதில் குடியேறும்,
பெருகும்,
பிறகு காற்றேறி இருபுறமும்
பந்தி விசாரிக்கப் போகும்.
பதிவேட்டில் அதன் பெயர் 'பரப்பி'.
அதன் காயை யாரும் எடை போட்டதில்லை.
கடைசி நாளில் டிராக்டர் மடக்கி உழுதுவிடும்.
அந்த வரிசைக்கு எண் சொல்லும்போது மட்டும்
குரல் தானாகத் தணிகிறது எனக்கு.
தெர்லிஸ் கவனித்திருப்பான். கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த வருஷம்
ஒரு செடியைப் பிடுங்கச் சொன்னேன்.
செக்கச்செவேலென்று புள்ளிகள்,
இலை கொள்ளாமல்,
பார்க்கவே பயம். ஒன்பது என்றேன்.
மாலையில் குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்து
ஏதோ தோன்றி வில்லைக்கடியில் வைத்தேன்:
ஒரு புள்ளியிலும் தூள் இல்லை.
பூஞ்சை நுழைந்த இடத்திலெல்லாம்
செடி தன் உயிரணுக்களைத் தானே கொன்று
சுவர் எழுப்பியிருந்தது.
கதவை அறைந்து சாத்திய சிவப்பு அது.
தோற்ற இலை வேறு மாதிரி.
மேலே மங்கிய மணல் நிறம், சாதுவாக.
கீழே வெடித்த கொப்புளங்கள்,
தொட்டால் விரலெல்லாம்
இலவங்கப்பட்டைப் பொடி.
அந்தச் செடியைத் திரும்ப நட்டுப் பார்த்தேன்.
பிழைக்கவில்லை.

தங்கை நிமியாவுக்குப் பன்னிரண்டு ஹெக்டேர்.
மூன்று முறை மருந்தடித்தாள்,
நாலாவதற்குக் கடன் கேட்டிருக்கிறாள்.
ஞாயிறு அவள் வீட்டுக்குப் போகுமுன்
இரண்டு முறை குளிக்கிறேன்,
காலணியைச் சாராயத்தால் துடைக்கிறேன்.
காற்று உன்னைக் கேட்டுக்கொண்டா வருகிறது
என்று சிரிக்கிறாள்.
"உன் நல்ல விதை எப்போது வரும்?"
"எட்டு வருஷம் ஆகலாம்."
"அதுவரை துரு சும்மா இருக்குமா?"
தெரெரேயில் ஐஸ் கரைந்து
குவளை இடம் மாறியது, எங்களுக்கிடையில்
இரண்டு தடவை.

இருநூற்றுப் பதினான்குக்குப் பெயர் கிடையாது.
காகித உறையில் ஐம்பது விதையாக
தபாலில் வந்தது.
காய் சிறுத்தது, தண்டு சாயும்,
விளைச்சல் கைக்கும் வாய்க்கும் எட்டாது.
ஆனால் நாலு வாரமாய்ச் சிவப்பு.
சுத்தமான, தூளற்ற, பிடிவாதச் சிவப்பு.
மூன்று, மூன்று என்று
ஒவ்வொரு வாரமும் சொன்னேன்.
நிமியாவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட.

இன்று ஐந்தாம் செடி,
அடியிலிருந்து மூன்றாம் இலை.
நூறு சிவப்புக்கு நடுவே
ஒரேயொரு மணல் நிறப் புள்ளி.
வில்லையை நெருக்கினேன், மூச்சை நிறுத்தினேன்.
நடுவில் ஊசிமுனை வாய்.
வாயோரம் தூள்.

வேறு விதை ஒன்று கலந்திருக்கலாம்.
அல்லது பூட்டுக்குப் புதுச் சாவி
எங்கோ அறுக்கப்பட்டிருக்கலாம்.

"எண்?" என்றான் தெர்லிஸ்.
அவன் தாடையிலிருந்து ஒரு சொட்டு வியர்வை
தாளில் விழுந்து கட்டத்தைக் கரைத்தது.
"மூன்று. பக்கத்தில் கேள்விக்குறி போடு."
"கேள்விக்குறிக்குக் கட்டம் இல்லை, சுனில்தா."
"ஓரத்தில் போடு."

போட்டான், கொஞ்சம் பெரிதாகவே.
இலையைக் கிள்ளி உறையிலிட்டு
தேதி எழுதினேன்.
ஆற்றுப் பக்கமிருந்து மழை கிளம்பிவிட்டது.
இன்னும் எண்பத்தாறு வரிசை.