பின் இருக்கையில் யாருமில்லை

நவம்பரில் சாரேமா தீவில்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
வயிற்றுக்குள் கன்று குறுக்கே திரும்பிக்கொண்ட பசுக்களோ
எப்படியும் நடுநிசியைத்தான் தேர்ந்தெடுக்கும்.
நான் மாட்டு வைத்தியம் பார்ப்பவள்.
என் வோல்வோவுக்கு இருபத்தொரு வயது.

அக்டோபர் கடைசியில் அதன் பார்வை தாழ்ந்துபோனது.
சாவியைத் திருப்பியதும் வழக்கம்போலக்
கொட்டகைச் சுவரில் ஒளி ஒருமுறை இறங்கும்,
ஏறும்,
பிறகு ஏதோ முடிவுக்கு வந்ததுபோல
மறுபடி இறங்கி
பம்பருக்கு முன்னாலேயே படுத்துக்கொள்ளும்.
பதினைந்து மீட்டருக்கு அப்பால் சாலை இல்லை.
இருக்கிறது என்று நம்பித்தான் ஓட்டினேன்.
பதினாறாவது மீட்டரில் ஒரு நாள்
எல்க் மான் நின்றது.
மயிரிழையில் தப்பினேன் என்பார்களே,
அந்த மயிர் இன்னும்
இடப்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உர்மஸ் தன் கருவியோடு வந்தான்.
(அவன் நாய்க்குத் தையல் போட்ட கணக்கு
இன்னும் நிலுவையில் இருக்கிறது.)
ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி
திரையைப் படித்தான்:
பின்பக்க சென்சார். நம்பத்தகாத மதிப்பு.
"லீலோ, பின்னால் நாலு பேர்
உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறது உன் வண்டி"
என்று சிரித்தான்.
சிரித்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.
பின் இருக்கையில் யாருமில்லை.
மார்ச்சிலிருந்து பிள்ளைகள்
டார்ட்டுவில், அப்பா வீட்டில்.

பின்புறம் பாரத்தில் அமிழ்ந்தால் மூக்கு தூக்கும்,
எதிரே வருபவனுக்குக் கண் கூசும்.
அதற்காகத்தான் பின்சக்கரத்தருகே ஒரு சென்சார்,
அதை அசைக்க ஒரு சின்னக் கம்பி.
அது சொல்லுகிற அளவுக்கு
முன்னால் மோட்டார்கள் விளக்கைத் தாழ்த்தும்.
மரியாதை தெரிந்த ஏற்பாடு.

பார்னுவில் உடைத்து விற்கும் கடையிலிருந்து
நாற்பது யூரோவுக்கு வேறொன்று வாங்கினேன்.
துருப்பிடித்த போல்ட் தலையோடு போனது,
என் விரல்முட்டித் தோலும் கூடவே.
மாட்டினேன். ஒளி விழுந்தது.
கனெக்டரில் பச்சைப் பூத்திருந்ததைச் சுரண்டினேன்.
விழுந்தது.
கம்பியைக் கழற்றிக் கையால் அசைத்துப் பார்த்தேன்,
மீட்டரில் வோல்ட் ஏறி இறங்கியது,
எங்கும் திக்காமல், எங்கும் குதிக்காமல்.
சென்சாரில் பொய் இல்லை.

மல்லாந்து கிடந்தேன், சட்டைக்குள் குளிர் ஏறியது.
பிறகு எதற்கென்று தெரியாமலே
பசுவின் நெஞ்சளக்கும் நாடாவை எடுத்தேன்.
வலது சக்கர வளைவு: அறுபத்தாறு.
இடது: அறுபத்திரண்டரை.

ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் முறிந்து
கிண்ணத்தில் கிடந்தது, பிறைபோல,
துருவேறி.
சென்சார் இருப்பதோ இடப்பக்கத்தில் மட்டும்.
ஒரு மூலை அமிழ்ந்ததை
வண்டியே அமிழ்ந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வலிக்கிற இடத்தை வாய்விட்டுச் சொன்ன நோயாளி
இத்தனை வருஷத்தில் எனக்கு வாய்த்ததில்லை.
சொன்ன ஒன்றைத்தான்
திருகிக் கழற்றி வாளியில் போட்டேன்.

இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங்.
வாளியிலிருந்து பழைய சென்சாரைத் துடைத்து
அதன் இடத்திலேயே வைத்தேன்.
டேங்கை நிரப்பி, சமதரையில் நிறுத்தி,
பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் டேப் ஒட்டி,
உர்மஸ் பொத்தானை அழுத்த,
கோடு மெல்ல ஏறி டேப்பில் வந்து நின்றது.
"நாய்க் கணக்குத் தீர்ந்ததா?" என்றான்.
"பாதி."

டிசம்பர் இருபத்துமூன்று. குயிவஸ்து படகுத்துறை.
டிக்கெட் அறைச் சுவரைப் பார்த்து
எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தேன்.
பின்கதவு திறந்தது. ஈரப் பனிக்காலணிகள்,
இரண்டு பைகள், ஒரு செல்லோ,
யார் எந்தப் பக்கம் என்ற சண்டை.
சுவரில் ஒளிக்கோடு துள்ளி மேலே போனது.
கொஞ்சம் யோசித்தது.
இறங்கி வந்து தன் இடத்தில் நின்றது.