ஆப்பிரிக்கா, சாய்கோடு, ஜோகன்னஸ்பர்க்

லோட்ஷெடிங் பத்தரைக்குத் தொடங்கிப்
பன்னிரண்டரைக்கு முடிந்தது.
ரவுட்டரின் நான்காவது விளக்கு பச்சையாகும்வரை
பல் தேய்த்தேன், திரும்பவும் தேய்த்தேன்.

மாதம் நாற்பத்தொன்பது ரேண்டுக்கு
ஒண்டுக்குடித்தனம் எங்கள் தளம்.
அதே சர்வரில் யார் யாரோ:
கேப்டவுனில் கல்யாணக் கேக் செய்யும் ஒருத்தி,
நாய்க்குட்டி விற்பவர்,
எதற்கென்றே தெரியாத ஒரு சபை.
கேக்குக்காரிக்குக் கூட்டம் சேர்ந்தால்
எங்கள் பக்கம் திறக்க மூச்சு வாங்கும்.
சண்டை பிடிக்க முகம் தெரியாது.

எங்களுடையது சின்னது.
தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு,
அவ்வளவுதான்.
ஓட்டுநர் லுங்கெலோ கைபேசியில் ஓர் எண்ணை அழுத்துவார்;
டோங்காட்டில் எண்ணூறு வீடு
வாளியைக் கழுவி வாசலில் வைக்கும்.

பழைய பதிப்பை இனி ஓட்ட முடியாதென்று
சர்வர் வீட்டுக்காரர் மூன்று கடிதம் போட்டுவிட்டார்.
மூன்றாவதில் ‘அன்புள்ள’ இல்லை.

ஆகவே இன்றிரவு
பழையதற்குக் ‘கடைசி’ என்று பெயரிட்டு ஒதுக்கினேன்
(அங்கே ஏற்கெனவே ஒரு ‘கடைசி’ இருந்தது,
ஒரு ‘உண்மையாகவே கடைசி’யும்).
புதியதை ஏற்றினேன்.
அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது.
மறுபடி ஏற்றினேன்.
ஐந்நூறு என்றது திரை.
ஐந்நூறு என்றால்,
ஏதோ தப்பு, என்னவென்று சொல்லமாட்டேன்;
என் அண்ணன் கோபம் மாதிரி.
அனுமதி எண்களை மாற்றினேன்.
கடவுச்சொல்லில் ஒரு புள்ளி விட்டிருந்தேன், வைத்தேன்.
வெள்ளைத் திரையில் மெதுவாக
தெருப் பட்டியல் இறங்கியது.
புர்பிரீஸ், காலை நான்கு மணி.
எல்லாம் இருந்தது.
தூங்கிவிட்டேன்.

நாலேகாலுக்கு மகேஸ் ஆன்ட்டி:
“குபேஷ்ணி, லாரி எங்கேம்மா?
முப்பது பேர் நிற்கிறோம், குளிருது.”

லுங்கெலோவை எழுப்பினேன்.
“ஆறு என்றுதானே அழுத்தினேன், சிஸி.”

சர்வர் கிரீன்விச்சின் கடிகாரத்தைக் கட்டியிருந்தது.
நகலெடுக்க மறந்தது ஒரே வரி:
ஆப்பிரிக்கா, சாய்கோடு, ஜோகன்னஸ்பர்க்.
டர்பனுக்கே அந்தப் பட்டியலில் தனி வரி கிடையாது,
டோங்காட்டுக்கு யார் தருவார்?
வரியைச் சேர்த்துச் சேமித்தேன்.
நான்கு, ஆறானது.
தெருவில் நின்றவர்களுக்கு ஆகவில்லை.

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு
எங்கள் இரண்டு வாளியோடு போனேன்,
வரிசையில் முப்பத்தோராவது.
யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
யாரோ ஒரு ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள்,
மூடியிலேயே டீ கைமாறி வந்தது.
மகேஸ் ஆன்ட்டி ஒரு வாளியைக் கவிழ்த்து
உட்கார் என்றார்.

கரும்புத் தோட்டத்துக்கு மேலே வானம்
அறுபத்திரண்டு சதவீதம் வெளுத்து
அப்படியே நின்றது.