யாருக்கு அளவு?

ரூவியில், பாய்லர் சூட் தைக்கிற கடையில்
ஆரஞ்சு நைலானை விரித்துப் போட்டேன்.
காயல்பட்டினத்துக்காரர் கேட்டார்:
"யாருக்கு அளவு?"
ராக்கெட்டுக்கு என்றேன்.
"கழுத்து எத்தனை இஞ்ச்?"
சிரிக்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

ஹைமாவுக்குத் தெற்கே, காலை ஆறு இருபது.
காற்று வரம்புக்குள்.
மாஸின் அரபியில் பின்னோக்கி எண்ணுகிறான்.
மூன்றுக்குப் பிறகு எனக்கு
எந்த மொழியிலும் எண் கேட்கவில்லை.

வெளிச்சம்தான் முதலில்.
சத்தம் வந்து நெஞ்சில் இடித்தபோது
ஏவுதண்டு காலி.

மூன்றரை நொடி எரிந்தது.
அவ்வளவுதான் தீ.
அப்புறம் தள்ள யாருமில்லை,
அப்படியும் ஏறிக்கொண்டே போனது
வந்த வேகத்தைச் செலவழித்துக்கொண்டு.

எஞ்சின் செய்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.
என் வேலை இன்னும் தொடங்கவேயில்லை.
நான் மடித்தவள்.
விடுதிக் கட்டிலில் பதினேழு தடவை
மடித்து, பிரித்து, டால்கம் பவுடர் தூவி,
பதினெட்டாவதாக
மூச்சுவிடாமல் மடித்தவள்.

உச்சியில் ஒரு கணம் நின்றிருக்கும்.
யாரும் பார்க்கவில்லை.
திரையில் எண் மெதுவானது,
தயங்கியது,
உறைந்தது.
"சிக்னல் போச்சு" என்றாள் ஷிரீன்.

சின்னக் குடை திறந்ததா?
பெரியது?
வானத்தைப் பார்க்க வேண்டிய பதினோரு பேரும்
என்னைப் பார்த்தார்கள்.

நாலு மணி நேரம், இரண்டு பிக்கப்,
சரளைக்கல், சரளைக்கல்,
ஒரு டயர், ஒரு ஒட்டக எலும்பு,
யாரோ போட்ட லபான் பாட்டில்.
யாரும் என்னோடு பேசவில்லை.
பேசாமலிருக்க மெனக்கெட்டார்கள்.

பிறகு தூரத்தில் ஆரஞ்சு.

தனியாக நின்ற குடைவேல மரம்.
அதன்மேல் என் குடை.
முள்ளெல்லாம் கோத்துப் பிடித்திருந்தது.
கீழே நிறம்மாறிய நிழலில் ஒரு ஆடு
வண்டிகளைப் பார்த்தும் எழவில்லை.

அதன் பக்கத்தில் கிடந்த மூக்குக்குள்
உயரமானி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது:
மூன்று பீப். இடைவெளி.
பூஜ்ஜியத்துக்குப் பத்து. இடைவெளி.
நான்கு. இடைவெளி. ஒன்று.
ஒவ்வொன்றுக்கும் ஆடு காதைத் திருப்பியது.

"மூவாயிரத்து நாற்பத்தொன்று மீட்டர்!"
மாஸின் மணலில் உருண்டான்.

நான் தையலைத் தேடினேன்.
துணி ஏழு இடத்தில் கிழிந்திருந்தது.
தையல் ஒரு இடத்திலும் விடவில்லை.

ஆடு தானாக எழுந்து போகும்வரை
குடையை யாரும் இழுக்கவில்லை.
அதற்குள் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.
ஹைமா வந்து சிக்னல் கிடைத்ததும்
கடைக்கு அனுப்பினேன்.

இரவு கடை அடைத்த பிறகு பதில் வந்தது:
"ஆட்டுக்குக் கொஞ்சம் லூஸ்."