செட்டியார் தெருவில் கரிக் கை

ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில்
நாள் முழுக்கக் காரீயம் நிறுக்கிறேன்.
பென்சிலுக்குள் இருக்கிற அதே காரீயம்தான்.
கொட்டிய இடத்தில் செருப்பு வழுக்கும்.
போன கிழமை முகைதீன் நானா விழுந்து
இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
தாளுக்குள் அத்தனை இறுக்கம்,
தாளுக்கும் தாளுக்கும் நடுவே
ஒப்புக்கு ஒரு தொடுகை.
அதனால்தான் அது எழுதுகிறது.
அதனால்தான் எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும்
என் ரேகைகளில் ஒரு படலம் மிஞ்சுகிறது.

இன்று அரை நாள் லீவு.
பஸ்ஸில் நின்றபடி செட்டியார் தெரு.
வட்டி கட்டி மீட்ட சங்கிலி
கொக்கி அறுந்து வந்திருந்தது.
பட்டறையில் சின்னச் சுத்தியல்.
அடி விழ விழத் தங்கம்
நீள்கிறது, தட்டையாகிறது, உடையவில்லை.
அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்தாலும்
யாருக்கும் சொந்தமில்லாத இலத்திரன்கள்
புது வரிசையையும் சேர்த்துக்கொள்ளும்.
ஏ.எல். சோதனையில் நான் எழுதிய விடை.
நாலு புள்ளி.

உப்பை அப்படி அடிக்க முடியாது.
ஒரு வரி நகர்ந்தால் போதும்,
நேரின் முன்னால் நேர் வந்து நிற்கும்,
அந்தக் கணமே பிளவு.
எண்ணூறு பாகை வரைக்கும் இளகாத பிடிவாதம்
ஒரு கோப்பைத் தண்ணீரில்
பேச்சு மூச்சில்லாமல் கரைந்துபோகும்.
கொழும்பில் தண்ணீர்கூட வேண்டாம்,
கடற்காற்றுக்கே போத்தலுக்குள் கசிந்து அழும்.

பத்தரின் சாமி மாடத்தில் கற்பூரம்
கொளுத்தாமலே தேய்ந்துகொண்டிருக்கிறது.
ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குள் கெட்டி,
பக்கத்துவீட்டோடு பழக்கம் இல்லை.
எங்கள் மாடிக் குடியிருப்பு மாதிரி.

"ஒட்ட வைக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும்"
என்றார் இராசகுலேந்திரன் பத்தர்.
முன்கடைக்கு வந்தேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் வைர மூக்குத்தி.
ஒவ்வொரு அணுவுக்கும் நாலு கை,
நாலும் பிடித்தபடி,
வழுக்கிப் போக ஒரு திசையும் இல்லை.
"அதைக் காட்டுங்கோ" என்றேன்.
பெடியன் என் கையைப் பார்த்தான்.
"அக்கா, கையைக் கழுவிட்டு வாங்களேன்."

கழுவிட்டுத்தான் வந்தனான் தம்பி.
உள்ளே இருக்கிறதும் இதில் ஒட்டியிருக்கிறதும்
ஒரே சாமான்தான், பிடித்திருக்கிற விதம்தான் வேறு
என்று சொல்ல வாயெடுத்து
விலை கேட்டேன்.
சொன்னான்.

சங்கிலியோடு படியிறங்கும்போது
திரும்பிப் பார்த்தேன்.
பெட்டியின் மேல் என் நாலு விரல்,
சாம்பல் மினுக்கத்தில்.
பெடியன் துணியால் தேய்க்கிறான்.
போகவில்லை,
பரவுகிறது.